அழுக்குக்கு விலை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா என்று இரண்டு வரியாவது எழுது. போன வருஷம் உன்னிடமிருந்து வந்தது மொத்தம் மூன்று கடிதம். அதில் ஒன்று விலாச மாற்றம்.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். அப்பாவின் கிட்டாரை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். எங்கள் கிளினிக் பல் டாக்டர் கேட்கிறார். அவருக்குப் பழைய கிட்டார் என்றால் பைத்தியம். நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, பதில் சொல்ல வழியில்லாத அந்த ஆளிடம் கிட்டார் கதை பேசுவார். எங்கள் வீட்டில் அந்தக் காலத்து செமி-ஹாலோ எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது, அதுவும் அப்பா கடையில் புதிதாக வாங்கியது என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைப் பிய்த்து எடுக்கிறார்.

அப்பாவைக் கேட்டேன். "குடுத்துடும்மா. வாசிக்காதவனுக்கு எதுக்கு அது?" என்றார். நாலு வருஷமாக அவர் அதைத் தொடவில்லை. முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்த மனுஷன் சனிக்கிழமை மாலையானால் கிளப் மேடையில் வேறு ஆளாக நிற்பார், உனக்கே தெரியும். இப்போதும் சனிக்கிழமை மாலை சட்டை மாற்றிக்கொள்கிறார். மாற்றிக்கொண்டு போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் மறுபடி வாசிப்பார் என்றால் டாக்டர் கிளினிக்கையே எழுதிக் கொடுத்தாலும் தரமாட்டேன். வாசிக்கப்போவதில்லை என்றால், தினமும் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் அது என் துடைப்பத்தில் இடிபட வேண்டாம்.

நீ அந்த வியாபாரத்திலேயே இருப்பவன். என்ன விலை சொல்லலாம் என்று எழுது. கிளினிக் போனில் கூப்பிடாதே. பின்னால் நாலு பேர் வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருமல் போய்விட்டது.

விற்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் கட்டிலுக்கடியில் கிடப்பது என்னவென்று உனக்குத் தெரியாது. முழுக்கப் பொள்ளலாக இருக்கும் கிட்டார் மேடையில் சத்தம் ஏற்றினால் ஊளையிடும். முழுக்கட்டையில் செய்தது ஊளையிடாது, ஆனால் அதற்கு மூச்சு கிடையாது. இதைச் செய்தவன் நடுவில் ஒரு கட்டையை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் பொள்ளலாக விட்டான். அதனால்தான் அப்பா ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது கிளப் கதவு வரைக்கும் நடந்து போகும். மேலே ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய பலகை, தேன் நிறத்துக்கு வந்துவிட்ட வார்னிஷ், உள்ளங்கைக்குப் பழகிய கழுத்து எல்லாமே இன்றைக்குப் பணம் கொடுத்தாலும் செய்ய முடியாதவை. அந்த வருஷத்துச் சரக்குக்கு இங்கே ஒரு சின்ன வீட்டின் விலை.

ஆனால் வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் குமட்டும். போன வாரம் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்ததும் உள்ளே முகத்தை விட்டு மூன்று நிமிஷம் முகர்ந்தார். கழுத்துப் பலகையில், முன்பு வைத்திருந்தவனின் விரல் அழுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. ஆள் செத்து இருபது வருஷம். நான் துணியை எடுத்தேன். "ஐயோ தொடாதீங்க! அதுக்குத்தான் நான் காசு குடுக்கறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாசித்துப் பார்க்கச் சொன்னேன். வாசிக்கத் தெரியாதாம்.

உன் டாக்டரும் இந்த ரகமாகத்தான் இருப்பார். அவரை அதன் கிட்டேயே விடாதே. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. மரத்துக்கும் வார்னிஷுக்கும் அரைப்பக்கம், அப்பாவுக்கு ஒரு வரி. பரவாயில்லை, அந்த ஒரு வரியை அவரிடம் சொல்லிவிட்டேன்.

செத்தவன் விரல் அழுக்கைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பகல் முழுக்க ஊரார் பல்லிலிருந்து காரையைச் சுரண்டி வாளியில் கொட்டுகிறேன். நீ அதையே கண்ணாடிக்குள் வைத்து விற்கிறாய். படித்த பிள்ளை நீதான்.

அப்பா ஏன் நிறுத்தினார் என்பது உனக்கு மறந்துவிட்டதோ என்னவோ, இன்னொரு தரம் எழுதுகிறேன். அன்றைக்கு நானும் கிளப்பில் இருந்தேன். இரண்டாவது பாட்டு நடுவில் கையை எடுத்தார். ஒலிபெருக்கியிடம் போய்க் குனிந்து கேட்டார். திரும்பி வந்து கொஞ்சம் வாசித்தார். மறுபடி நிறுத்தினார். கூட வாசிக்கிறவர்கள் விழித்தார்கள். எல்லார் எதிரிலும் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். வழியில் என்னிடம், "தகரம் தட்டற மாதிரி கேக்குதும்மா. என் காது போச்சு. காது போனவன் மேடையில நிக்கக் கூடாது" என்றார்.

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயசுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார் அவர். அப்பா நம்பவில்லை. "அவருக்கு பேச்சு கேட்டா போதும், எனக்கு அப்படியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அதோடு சரி. ரேடியோவைக்கூடப் போடுவதில்லை. இதையெல்லாம் அப்போதே உனக்கு எழுதினேன். அந்தக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை.

டாக்டர் வருகிற பதினேழாம் தேதி பார்க்க வருகிறார். அப்பா வாசகசாலைக்குப் போகும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். விலையை உடனே எழுது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்கா,

நலம். அவசரமாக எழுதுகிறேன். டாக்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் எவ்வளவு சொல்கிறாரோ அதற்கு மேல் நான் தருகிறேன். மே மாதம் வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலில் யாரையும் நம்பக் கூடாது, அக்கா. எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. முதலாளியைத் தவிர என்னிடம்தான் சாவி. அங்கே புது ஆணிகள் காடியில் ஊறுகின்றன, துரு ஏறுவதற்காக. புது வார்னிஷை ஐஸ் வைத்துக் குளிர வைத்து, பிளேடால் கீறி வெடிப்பு உண்டாக்குவோம். காப்பி டிகாஷனைப் பஞ்சில் தொட்டுப் பக்கங்களில் ஒற்றுவோம். முதலாளி பெட்டிக்குள் சிகரெட் புகையை ஊதி மூடி வைப்பார். ஒரு மாசத்தில் நாற்பது வருஷ நாற்றம் தயார். ஒரு விதவை தன் புருஷனின் கிட்டாரைக் கொண்டு வந்தாள். நல்ல சாமான்தான். "உள்ள பூச்சி அரிச்சிருக்கும்மா, விறகுக்குத்தான் ஆகும்" என்றார் முதலாளி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் நின்றேன். கதவைத் திறந்துவிட்டதும் நான்தான்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் டாக்டர் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினாலும் விலை பாதியாகிவிடும். யாரும் திறக்கக் கூடாது. சத்தியமாகச் சொல்கிறேன், திறக்க விடாதே.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் இன்றுதான் வந்தது. டாக்டர் நேற்றே வந்து போய்விட்டார்.

வந்தவர் கையோடு கிளினிக் சாமான்களைக் கொண்டுவந்திருந்தார். வாய்க்குள் விட்டுப் பார்ப்போமே, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, அதை கிட்டாரின் நெளிந்த துளைக்குள் விட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நானும் பழக்க தோஷத்தில் பக்கத்தில் நின்று விளக்கைச் சரிபண்ணிக் கொடுத்தேன். சிரிக்காதே. முதலில் "ஆஹா, ஆஹா" என்றார். அப்புறம் கண்ணாடியை வெளியே எடுத்தார். கம்பிக்குக் கீழே இரண்டு உலோக மூடி இருக்கிறதல்லவா, அதைச் சுற்றி இருந்த திருகாணிகளைக் கழற்றித் தூக்கி, அடியில் கண்ணாடியைக் காட்டினார்.

"இது பழசு இல்லம்மா."

"என்ன டாக்டர் சொல்றீங்க? எங்கப்பா புதுசா வாங்கினது."

"கிட்டார் பழசுதான். பிக்அப் ரெண்டும் புதுசு. கம்பி அதிர்றதைச் சத்தமா மாத்தறதே இதுதான். ஒரிஜினல்ல அடியில ஒரு லேபிள் இருக்கும். இதுல இல்ல. பத்தவெச்ச ஈயம் பாருங்க, பளபளன்னு. யாரோ மாத்தி வெச்சிருக்காங்க."

அப்புறம் என்னைப் பார்த்தார். பதினாறு வருஷமாக அந்த மனுஷனுக்குக் கத்தியும் ஊசியும் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் அப்படிப் பார்த்ததில்லை. கலப்படம் விற்றுப் பிடிபட்ட கடைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தப் பழைய இரண்டும் மட்டுமே ஒரு புது கிட்டார் வாங்கும் விலை பெறுமாம். இன்றைக்குக் கிளினிக்கில் என்னிடம் கிட்டார் பேச்சே இல்லை.

யார் மாற்றியிருப்பார்கள்? அப்பா ஒரு முறை சுருதி சரியில்லை என்று ரேடியோ ரிப்பேர்க்காரர் கடைக்கு எடுத்துப் போனதாக ஞாபகம். அந்த ஆளின் முழியே சரியில்லை. நீ என்ன நினைக்கிறாய்? உடனே எழுது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது.

அக்கா


ஏப்ரல் 16

தம்பிக்கு,

அப்பா சுகம். எனக்குத் தலைவலி. நாலு வாரமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை. உடம்புக்கு ஏதாவதா?

நான் ஒரு அசிங்கம் பண்ணிவிட்டு வந்தேன். ரேடியோ ரிப்பேர்க்காரர் கடைக்குப் போய், வாசலில் ஆட்கள் நிற்கும்போதே, "எங்கப்பா பொருளைத் திருடித் தின்னுட்டீங்களே, செரிச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து நின்றார். கையில் இருந்த சால்டரிங் குச்சியை ஸ்டாண்டில் வைத்தார். "நான் உங்கப்பாவோட ஒலிபெருக்கியைத்தான் பார்த்தேன். கிட்டாரை அவர் யார் கையிலயும் தரமாட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் திரும்பி நடந்தேன், முதுகெல்லாம் எரிந்தது.

அவர் சொன்னது சரிதான். அப்பா அதை யார் கையிலும் தரமாட்டார். எழுது.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. அப்பாவுக்கு என் வணக்கம்.

நீ வீணாக மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே கைக்குக் கிடைத்ததைப் போட்டு அனுப்பியது உண்டு. லேபிள் தானாகவே உதிர்ந்துவிடும். அந்த டாக்டர் விலையைக் குறைப்பதற்காகச் சொல்லியிருப்பார். அப்படியே புதிது என்றாலும், அது ஒன்றும் மட்டமானதில்லை. நல்ல கம்பெனி சரக்குதான், இரண்டாம் ரகம் கிடையாது. நடந்தது நடந்துவிட்டது, அதையே பேசிக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

தம்பி


மே 6

தம்பி,

ஸ்வெட்டர் வந்தது. அளவு சரி. அப்பா போட்டுக்கொண்டு, "புள்ளைக்கு நம்ம ஞாபகம் இருக்கு" என்று எதிர்வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டு வந்தார். எனக்கு அதைக் கழற்றி அடுப்பில் போடலாம் போல் இருந்தது.

நல்ல கம்பெனி சரக்கு என்று உனக்கு எப்படித் தெரியும்? கம்பெனி பெயரை நான் எழுதவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. அதில் பெயரே இல்லை.

உன் கடிதத்தைக் கிளினிக்கில் கருவிகளைக் கொதிக்கவிட்டு உட்கார்ந்தபோது படித்தேன். அந்த வரியில் வந்து நின்றுவிட்டேன். தண்ணீர் வற்றித் தட்டு கருகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ பத்து நாள் வந்து தங்கினாய். "சுவிட்ச் கரகரங்குதுப்பா, நான் சரி பண்ணித் தரேன்" என்றாய். யார் கையிலும் தராத மனுஷன் உன் கையில் தந்தார், பெற்ற பிள்ளையாயிற்றே. என்னையும் அவரையும் ரத்த அழுத்தம் பார்த்து வரச் சொல்லி அனுப்பினாய். நாங்கள் திரும்பி வரும்போது அறையில் ஈயம் பற்றவைத்த பிசின் புகை வாடை. நீ தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். என் தம்பி துடைப்பத்தைத் தொட்டிருக்கிறானே என்று நான் பெருமைப்பட்டேன். நீ ஊருக்குப் போன அடுத்த சனிக்கிழமைதான் அப்பா மேடையை விட்டு இறங்கினார்.

பதினாறு வருஷமாக ஊரார் எச்சிலையும் சீழையும் ரத்தத்தையும் துடைக்கிறேன், எனக்கு அருவருப்பு வந்ததில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் வருகிறது. அந்த விதவைக்குக் கதவைத் திறந்துவிட்டேன் என்று எழுதினாயே, என்னமோ மனசு உறுத்துகிறவன் மாதிரி. அதற்கு முன்பே சொந்த அப்பன் கிட்டாரின் வயிற்றைக் கிழித்தவன் நீ.

எனக்குப் பணம் வேண்டாம். அந்த இரண்டும் வரவேண்டும். வேறு எதையும் அனுப்பாதே, சுகம் கேட்டும் எழுதாதே.

அக்கா


ஜூன் 21

அக்கா,

நீ கேட்க வேண்டாம் என்றதால் சுகம் கேட்கவில்லை.

நான்தான் எடுத்தேன். கடைக்கு ஒரு சிவப்பு செமி-ஹாலோ வந்திருந்தது, அப்பாவுடையதும் அதே வருஷம். எல்லாம் அசல், பிக்அப் மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள். அவை இரண்டும் அசலாக இருந்தால் விலை இரண்டு மடங்கு. "ஒரு ஜோடி கொண்டு வா, உன்னைக் கடையில பங்காளியாச் சேத்துக்கறேன்" என்றார் முதலாளி. உலகத்தில் அந்த ஜோடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாற்றி வைத்தது விலைகுறைந்த சரக்கு. நல்ல கம்பெனி என்று எழுதியதும் பொய்.

அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். மேடையில் அத்தனை இரைச்சலில் யாருக்கு வித்தியாசம் கேட்கும் என்று நினைத்தேன். பிறகு நீ எழுதினாய், தகரம் தட்டுவதுபோல் கேட்கிறதாம், காது போய்விட்டதாம் என்று. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. காது போகவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுத உட்கார்ந்தேன். எழுதினால் காரணமும் சொல்லவேண்டும். பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்தேன், அப்படியே நாலு வருஷம் போய்விட்டது.

சிவப்பு கிட்டாரை வாங்கியவர் வீட்டுக்குப் போனேன். பெரிய அறை, சுவரெல்லாம் கண்ணாடி அலமாரி, அறுபது கிட்டார். மூலையில் ஈரப்பதம் காக்கும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் அந்த அறையில் சத்தம். அவர் வாசிப்பதில்லை, யாரையும் வாசிக்க விடுவதும் இல்லை. கம்பியைத் தொட்டால் துரு ஏறுமாம். அப்பாவின் தொண்டையைக் கொண்டுபோய் அங்கே அடைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னேன். அவருக்கு என் அப்பாவைப் பற்றிக் கவலையில்லை, தன் சாமானில் அடுத்தவன் பாகம் இருக்கிறது என்பதுதான் அவருக்கு ஆத்திரம். கடைசியில், என்னிடம் இருந்த ஒரே நல்ல கிட்டாரையும் கடைப்பங்கை விற்று வந்ததையும் வாங்கிக்கொண்டு, அந்த இரண்டையும் கழற்றித் தந்தார். "இனிமே இதை எவன் வாங்குவான்?" என்று சிவப்பு கிட்டாரைக் காலால் தள்ளினார்.

தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இப்போது வேறொரு கடையில் ஒலிபெருக்கி தூக்கும் வேலை. கழுவக் கழுவ என் விரலில் அந்தக் காடி வாடை போகவில்லை. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி


ஜூலை 8

தம்பி,

பார்சல் வந்தது.

ரேடியோ ரிப்பேர்க்காரரிடமே போனேன். வேறு யாரிடம் போக? கடை வாசலில், அன்றைக்கு ஆட்கள் நின்ற அதே நேரத்தில் போய், எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டேன். அவர் குச்சியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். காசு வாங்கவில்லை. ஒரு மணி நேரம் துளைக்குள் நூலை விட்டு, ஒயரை இழுத்து, பற்றவைத்தார். அப்பா கேட்டதற்கு, சுவிட்சில் பழுது என்று சொன்னேன். "யாரு வாசிக்கப்போறா?" என்றார்.

ஒலிபெருக்கியைப் போட்டு, கிட்டாரை அவர் மடியில் வைத்தேன். வேண்டாம் என்றார். ஒரே ஒரு தரம், ரிப்பேர்க்காரருக்காக என்றேன். ஒரு தட்டு தட்டினார். கையை எடுத்துவிட்டார். சத்தம் முழுசாக அடங்கும்வரை அசையவில்லை. இன்னொரு தட்டு. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு வருஷமா என் காதைத் திட்டிட்டு இருந்தேனேம்மா" என்றார்.

ரிப்பேர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துவிடாதே, முழுக்கச் சந்தோஷத்தில் இல்லை. ஏனென்றால் அடுத்து அவர் வாசிக்கப் பார்த்தார். வழக்கமாக முதலில் வாசிப்பாரே, அந்த மெட்டு. மோதிர விரல் எட்டவில்லை. சுண்டு விரல் கம்பியிலிருந்து வழுக்குகிறது. எழுபத்திரண்டு வயதில், நாலு வருஷம் சும்மா கிடந்த விரல்கள். மறுபடி மறுபடி முயன்றார். காது நன்றாக இருக்கிறது, அதனால் ஒவ்வொரு பிசகும் அவருக்குக் கேட்கிறது. பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று நீ நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த நாலு வருஷம் எந்தப் பார்சலிலும் வராது.

கடைசியில் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்: "சுவிட்ச் இல்ல. உள்ள இருந்ததை யாரு மாத்தினது?" நான் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. தம்பி எழுதுவான் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறார்.

அவருக்கு எழுது. எனக்கு இல்லை.

அக்கா


ஜூலை 19

அப்பாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் பெயருக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை எல்லாவற்றையும் அக்கா கடிதத்தின் கடைசி வரியில் ஒட்டிவிட்டே பழகிவிட்டேன்.

உங்கள் கிட்டாரின் பிக்அப் இரண்டையும் நான்தான் திருடினேன். சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. அவற்றை வைத்துக் கடையில் பங்கு வாங்கினேன். நீங்கள் வாசிப்பதை நிறுத்தியது அதனால்தான் என்று எனக்கு முதல் மாசமே தெரியும். உங்கள் காது கெட்டுவிட்டது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அதனால் சும்மா இருந்துவிட்டேன். இதை எழுதும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை.

உங்கள் காது போகவில்லை அப்பா. நூற்றுக்கணக்கான பேருக்கு நான் கிட்டார் விற்றிருக்கிறேன். அந்த வித்தியாசத்தை ஒரே பாட்டில் கண்டுபிடித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒரு முறை வந்து உங்களைப் பார்க்க வேண்டும். வரலாமா?

மகன்


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா? இந்த முறை கேட்டுவிடுகிறேன்.

உன் கடிதத்தை அப்பா தானே பிரித்துப் படித்தார். என்னை வாசிக்க விடவில்லை. இரண்டு தரம் படித்து, முன்பு ஆபீசில் செய்வதுபோல் ஓரம் பார்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பிட்டார், தூங்கினார், காலையில் ஒரு மணி நேரம் கிட்டாரை எடுத்து அந்த விரல்களோடு மல்லுக்கட்டினார். சுண்டு விரல் இன்னும் வழுக்குகிறது. ஸ்வெட்டரை மட்டும் துவைத்து, மடித்து, என் அலமாரியில் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாம் நாள் நான் கிளினிக்குக்குக் கிளம்பும்போது, "அவனை வரச் சொல்லு. இது அவன் வீடு" என்றார். எனக்கு உன் மேல் இருக்கும் கோபத்துக்கு, எப்படிச் சட்டென்று மன்னித்துவிட்டார் என்று அவர் மேலும் கோபம் வந்தது. செருப்பை மாட்டினேன். வாசற்படி இறங்கியதும் மறுபடி கூப்பிட்டார்.

"திரும்பி வரப்போ ஒரு பூட்டு வாங்கிட்டு வாம்மா. சின்னதாப் போதும். கிட்டார் பெட்டிக்கு."

வாங்கி வந்தேன். பித்தளைப் பூட்டு. பெட்டியில் அவரே மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

நீ வரும் தேதியை எழுது.

அக்கா